ஆடியில் வன்னிக் கரையைச் சைக்கிளில் சுற்றுவதென்றால், மன்னாரில் தொடங்குங்கள்

தம்பி கேட்டது இதுதான்: “ஆடி மாதம் ஊருக்கு வருகிறேன். கையில் ஏழு நாள் இருக்கிறது. வான் பிடிக்காமல் சைக்கிளிலேயே வன்னிக் கரையைச் சுற்றிப் பார்க்க ஆசை. முல்லைத்தீவில் தொடங்கி, பரந்தன், பூநகரி வழியாக மன்னாருக்குப் போய், தலைமன்னாரில் பொழுதுபடுவதைப் பார்த்து முடிக்கலாம் என்று நினைக்கிறேன். சித்தி ‘உனக்கென்ன விசரா’ என்கிறா. இது நடக்கிற காரியமா?”

நடக்கிற காரியம்தான். சண்டைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல், இலங்கையின் வடக்கே இந்த வன்னி முழுக்கச் சைக்கிளில்தான் ஓடியது. விறகு, நெல்லு மூட்டை, காய்ச்சல்காரர், கலியாணப் பொம்பிளை எல்லாம் கரியரில் போனவைதான். சித்தியும் அப்படியொரு கரியரில் இருந்து போனவவாகத்தான் இருப்பா, கேட்டுப் பாருங்கள். ஆனால் உங்கள் திட்டத்தில் ஒரு பிழை இருக்கிறது. பாதை சரி, திசை பிழை. ஆடியில் முல்லைத்தீவிலிருந்து மன்னாருக்கு மிதிக்கக் கூடாது. மன்னாரிலிருந்து முல்லைத்தீவுக்கு வர வேண்டும்.

காரணம் காற்று. மலைநாட்டில் சைக்கிள் ஓடுகிறவன் ஏற்றத்தைப் பார்த்து நாளைக் கணக்கிடுவான். எங்கள் பக்கத்தில் ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. குளக்கட்டு, பாலத்து மேடு, அவ்வளவுதான். அதனால் கியர் இல்லாத லுமாலாச் சைக்கிளே போதும். ஆனால் இங்கே ஏற்றத்தின் வேலையைக் காற்றுச் செய்கிறது. வைகாசி தொடங்கிப் புரட்டாதி மட்டும் அடிப்பது சோளகம், தென்மேற்கிலிருந்து வரும். மார்கழி, தை, மாசியில் வாடை, வடகிழக்கிலிருந்து. இடையில் மேற்கிலிருந்து காய்ந்த கச்சான் வரும். கச்சான் என்றால் எங்களுக்கு இரண்டு சாமான்: ஒன்று முறிகண்டிப் பிள்ளையார் வாசலில் வாங்கிக் கொறிக்கிற நிலக்கடலை, மற்றது முகத்தில் அடித்து உதட்டை வெடிக்க வைப்பது.

மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளை வரிசையாக நட்டு, ‘தம்பபவனி’ என்று பேர் வைத்து 2020 இல் திறந்தார்கள். வேறு இடத்தை விட்டு அங்கே கொண்டுபோய் ஏன் நட்டார்கள்? சோளகம் அங்கே அப்படி அடிக்கும். அந்தக் காற்றாலைகள் சுற்றும் காற்றுக்கு எதிராக நீங்கள் ஒரு சைக்கிளை மிதிக்கப் போகிறீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். மணிக்கு 8 கிலோமீற்றர் போனால் பெரிய காரியம். அதே காற்று முதுகில் இருந்தால் பெடலில் கால் வைத்தால் போதும், 20 தானாக வரும். நான் ஒருமுறை ஆனி மாதம் பூநகரியிலிருந்து மன்னாருக்கு வெளிக்கிட்டு, இலுப்பைக்கடவையில் சைக்கிளை ஒரு பட்டாவில், அதாவது சின்ன லொறியில், ஏற்றிப் போனவன். பட்டாக்காரர் காசு வேண்டவில்லை. “காத்துக்குள்ள எங்க தம்பி போறியள்?” என்று கேட்டது மட்டும்தான். அப்போது எனக்கு வயது நாற்பது.

ஆகவே ஆடியில் செய்ய வேண்டியது: சைக்கிளை ரயிலில் ஏற்றித் தலைமன்னார் கொண்டு போங்கள். தலைமன்னார்ப் பாதை சண்டைக் காலத்தில் இல்லாமல் போய், 2015 மார்ச்சில் திரும்ப ஓடத் தொடங்கியது. வவுனியாவிலிருந்து வருவதென்றால் மதவாச்சியில் இறங்கி மாற வேண்டும். சைக்கிளை நீங்கள் இருக்கும் பெட்டிக்குள் தூக்கிக்கொண்டு ஏற முடியாது. ஸ்டேசனில் பார்சலாகப் பதிந்து, துண்டு வாங்கி, கார்ட் பெட்டியில் போட வேண்டும். எல்லா ரயிலிலும் எடுக்க மாட்டார்கள். அதனால் முதல் நாளே போய், எந்த ரயிலில் எடுப்பார்கள் என்று கேட்டுவிடுங்கள். நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்னால் நிற்க வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் நாடு முழுக்கத் தண்டவாளத்தையும் பாலங்களையும் பதம் பார்த்தது. பழைய நேர அட்டவணையை நம்பி வெளிக்கிடாதீர்கள், ஸ்டேசனுக்கு ஒரு கோல் எடுத்தால் தெரிந்துவிடும். பாலங்களுக்கும் இதே கதைதான். எந்த ஆற்றைக் கடக்கிறதென்றாலும் முதல் நாள் இரவு தேத்தண்ணிக் கடையில் ஒருக்கால் விசாரியுங்கள்.

தலைமன்னாரில் பழைய இறங்குதுறையையும் வெளிச்சவீட்டையும் பார்த்து, நீங்கள் ஆசைப்பட்ட பொழுதுபடுதலை முதல் நாளே பார்த்துவிடலாம். அங்கிருந்து மன்னார் நகரம் 30 கிலோமீற்றர் அளவு. பேசாலையில் மீன் சாப்பாடு. றோட்டில் கழுதைகள் நிற்கும், மணி அடித்தாலும் நகராது, நீங்கள்தான் விலத்திப் போக வேண்டும். நகரத்தை ஒட்டிய பள்ளிமுனையில் பெருக்கமரம் (பாவோபாப்) ஒன்று இருக்கிறது. அரேபிய வணிகர் கொண்டுவந்த மரம் என்பார்கள். அடி சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். மரம் என்று போனால் யானை படுத்திருப்பது போல இருக்கும்.

மன்னார்ப் பாலத்தைக் கடக்கும்போது மட்டும் கவனம். இரண்டு பக்கமும் தண்ணீர், மறைப்புக்கு ஒரு பற்றை கிடையாது. சோளகம் பக்கவாட்டில் வந்து சைக்கிளை நடு றோட்டுக்குத் தள்ளும், அந்த நேரம் பார்த்துப் பஸ் வரும். விடிய ஆறு மணிக்குள் கடந்தால் காற்று குறைவு, பறவைகளும் கிட்ட நிற்கும். வங்காலைப் பறவைகள் சரணாலயம் இந்தத் தரவை வெளியில்தான். பூநாரைக் கூட்டம் பார்க்க வேண்டுமென்றால் ஆடி சரிவராது, மாரி முடிகிற காலத்தில் வர வேண்டும்.

பாலம் தாண்டினால் திருக்கேதீச்சரம் கிட்ட. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம், பாலாவித் தீர்த்தக் கரையில் ஆறுதலாக இருந்து விட்டுப் போகலாம். மடுவுக்குப் போக விருப்பமென்றால் அது தனி நாள். ஜூலை 2 உம் ஓகஸ்ட் 15 உம் மடுத் திருவிழா. அந்தக் கிழமைகளில் மன்னார் றோட்டில் பஸ்ஸும் வானும் இடைவிடாமல் ஓடும், சைக்கிளுக்கு நல்ல நாளில்லை.

இனிப் பூநகரிப் பாதை, ஏ32. 80 கிலோமீற்றருக்கு மேல் வரும். இதைப் பற்றிக் கொஞ்சம் உண்மை சொல்ல வேண்டும். வரைபடத்தில் கரையை ஒட்டிப் போவதுபோலத் தெரியும். மிதித்துப் பார்த்தால் கடல் தெரியாது. வயல், தரவை, உடைமரம், குளம், திரும்ப வயல். கடலைப் பார்ப்பதென்றால் இடது பக்கம் பிரிந்து போக வேண்டும்: விடத்தல்தீவு இறங்குதுறை, தேவன்பிட்டி, நாச்சிக்குடா. ஒவ்வொன்றும் சில கிலோமீற்றர் உள்ளே, திரும்பி வரவும் வேண்டும். எல்லாவற்றுக்கும் போகப் பார்த்தால் நாள் முடிந்துவிடும். விடத்தல்தீவுக்கு மட்டும் போங்கள். கண்டல் காட்டுக்கு நடுவே வள்ளங்கள் நிற்கிற அந்த இடத்துக்காகக் கொஞ்சம் வளைந்து போவதில் பிழையில்லை.

அதோடு இந்தப் பாதையில் உடைமுள் இருக்கிறது. வன்னியில் சைக்கிள் ஓடுகிறவனுக்கு யானைக்கு அடுத்த பயம் அதுதான். வெள்ளாங்குளம் தாண்டி எனக்குப் பின் ரயர் காற்றுப் போனது. இறக்கி, ரியூப்பை எடுத்து, வயல் வாய்க்கால் தண்ணிக்குள் அமத்திப் பார்த்தேன். நீர்க்குமிழ் வந்த இடத்தில் ஒட்டுப் போட்டு, பூட்டி, காற்றடித்து ஏறினேன். ஒரு மைல் போகவில்லை, திரும்பவும் காற்றுப் போய்விட்டது. இரண்டாம் ஒட்டு. அதுவும் போய்விட்டது. ரயரின் உட்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தேன், ஒன்றும் படவில்லை. மாடு மேய்த்துக்கொண்டு நின்ற ஒரு ஐயா வந்து, “கையால தடவினால் தெரியாது மோனை” என்று, தன் சாரத்து நுனியைச் சுருட்டி ரயரின் உட்பக்கம் வைத்து மெல்லச் சுற்றி இழுத்தார். ஒரு இடத்தில் நூல் கொளுவி நின்றது. அந்த இடத்தை இரண்டு பெருவிரலாலும் வெளியே மடித்தால், ஊசி நுனி அளவு கறுப்பு. முள் முறிந்து ரப்பருக்குள்ளேயே இருந்திருக்கிறது. காற்றடித்து ஆள் ஏறினால்தான் அது வெளியே தலை நீட்டிக் குத்தும். குறட்டால் பிடுங்கி எடுத்தார். அப்புறம் வால்வு வாயில் எச்சில் தொட்டு வைத்து, குமிழ் வரவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் என்னைப் போக விட்டார். அன்றிலிருந்து என் சாமான் பையில் சின்னக் குறடும் ஒரு துண்டுப் பருத்தித் துணியும் இல்லாமல் நான் வெளிக்கிடுவதில்லை.

இதிலிருந்து வருகிற இன்னொரு விசயம்: வெளிநாட்டிலிருந்து உங்கள் சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் போட்டுக் கொண்டுவர நினைக்காதீர்கள். ஒல்லி ரயரும் ஒல்லி வால்வும் உள்ள சைக்கிள் என்றால் இங்கே பாடுதான். ஊர்ச் சைக்கிள் கடையில் இருப்பது 26, 28 அங்குல ரியூப், தடித்த வால்வு, அதற்குப் பொருந்துகிற பம்ப். உங்கள் ரியூப் வெடித்தால் கிளிநொச்சியிலும் தேட வேண்டிவரும். இங்கே ஒரு பழைய சைக்கிளை வாங்கி, ரயர் இரண்டையும் புதிதாகப் போட்டு, செயினுக்கு எண்ணெய் விட்டு, சீற்றை மட்டும் உங்கள் நாரிக்கு ஏற்றதாக மாற்றினால் போதும். முடிந்ததும் சொந்தக்காரப் பிள்ளை யாருக்காவது கொடுத்துவிட்டுப் போகலாம்.

ஏ32 ஐ ஒரே நாளில் முடிக்க வேண்டாம். முழங்காவிலில் ஒரு இரவு நில்லுங்கள். பெரிய விடுதியை எதிர்பார்க்காமல், சித்தியிடம் சொன்னால், அவவுக்குத் தெரிந்த ஒருவருக்குத் தெரிந்த ஒருவருக்கு அங்கே வீடு இருக்கும். வன்னியில் இது எந்த முன்பதிவையும்விட நம்பிக்கையானது. உடம்பு இடம் தரவில்லையென்றால் வெள்ளாங்குளத்திலிருந்து துணுக்காய், மல்லாவி வழியாக மாங்குளத்துக்கு றோட்டு இருக்கிறது. அங்கே ஏ9 உம் ரயிலும் கிடைக்கும். அதைத் தப்பும் வழி என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பூநகரியில் பழைய கோட்டை றோட்டோரத்திலேயே இருக்கிறது. நேரம் இருந்தால் கௌதாரிமுனைக்குப் போங்கள். மணல் மேடும் கடலும் ஆளில்லாத வெளியும். ஆனால் கடைசிப் பகுதி மணல், இறங்கி உருட்ட வேண்டும், போகிற வழியில் கடையை நம்ப முடியாது. நான்கு லீற்றர் தண்ணியாவது கரியரில் இருக்க வேண்டும். பூநகரியிலிருந்து வடக்கே சங்குப்பிட்டிப் பாலத்தால் யாழ்ப்பாணத்துக்கும் போய்விடலாம். 2011 இல் அந்தப் பாலம் திறந்த பிறகுதான் இந்தப் பாதைக்கு உயிர் வந்தது. நீங்கள் வலது பக்கம் திரும்பிப் பரந்தனுக்கு வாருங்கள், 25 கிலோமீற்றர். இதில் சோளகம் பக்கவாட்டில் கொஞ்சம் பின்னால் வரும், மறிக்காது. இரவுக்குக் கிளிநொச்சி, பரந்தனிலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம்.

பரந்தன் முல்லைத்தீவு றோட்டு, ஏ35, 50 கிலோமீற்றர் சொச்சம். தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஊர்கள் அடுத்தடுத்து வருவதால் தேத்தண்ணிக்கும் ஒட்டுப் போடவும் குறைவில்லை. இந்தப் பாதையில் பயப்பட வேண்டியது மணல் ஏற்றுகிற ரிப்பர் லொறி. வெறும் ரிப்பர் நிறைந்த ரிப்பரைவிட வேகமாக வரும். சத்தம் கேட்டால் மானம் பார்க்காமல் மண் விளிம்பில் இறங்கி நில்லுங்கள். பின்னேரம் மாடுகள் தார் றோட்டுச் சூட்டுக்கு நடுவில் வந்து படுக்கும், இருட்டினால் கறுப்பு மாடு தெரியாது. பொழுதுபட்ட பிறகு ஓடவே வேண்டாம். மாசியில் வருகிறவர்களுக்கு வேறொன்று: அறுவடைக் காலம், றோட்டில் பாதியை நெல்லுக் காயப் பிடித்திருக்கும். நெல்லுக்கு மேலால் ஏறிப் போகாதீர்கள். சறுக்கும், ஏச்சும் விழும், இரண்டும் நியாயம்.

முள்ளிவாய்க்காலைத் தாண்டித்தான் முல்லைத்தீவுக்குப் போக வேண்டும். அந்த இடத்தில் எப்படி நிற்பது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வானில் வருகிறவர்கள் இரண்டு நிமிடத்தில் கடந்துவிடுவார்கள். சைக்கிளில் அந்தத் தூரம் நீளமானது. பிறகு வட்டுவாகல். இடப்பக்கம் கடல், வலப்பக்கம் நந்திக்கடல். பழைய பாலம் ஒடுக்கம், எதிரில் வாகனம் வருகிறதா என்று பார்த்து இறங்குங்கள்.

இங்கே ஒரு கண்டிப்பான சொல். றோட்டையும் ஆள் நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதையையும் விட்டு இறங்காதீர்கள். மிதிவெடி அகற்றும் வேலை வன்னியில் வருடக் கணக்காக நடக்கிறது, சிவப்புப் பலகையில் மண்டையோடு போட்டிருந்தால் அது அலங்காரமில்லை. ஒன்றுக்குப் போகவென்று பற்றைக்குள் போகிற பழக்கத்தை இந்த ஏழு நாளும் மறந்துவிடுங்கள். கோயில், சேர்ச், தேத்தண்ணிக் கடை எல்லா இடமும் கேட்டால் விடுவார்கள். கரையில் கூடாரம் அடிப்பதும் வேண்டாம். எது கரைவலை இழுக்கிற இடம், எது முகாமின் எல்லை என்று இருட்டில் உங்களுக்குத் தெரியாது. அடையாள அட்டையோ கடவுச்சீட்டோ பையில் மேலாக இருக்கட்டும். முகாம் பக்கம் போனைத் தூக்கிப் படம் எடுக்காதீர்கள்.

முல்லைத்தீவில் இரண்டு இரவு நிற்கச் சொல்வேன். ஏனென்றால் நீங்கள் தேடுகிற கடலோரச் சைக்கிள் ஓட்டம் உண்மையில் இங்கேதான் இருக்கிறது, கொக்கிளாய் றோட்டில். சிலாவத்தை, அளம்பில், செம்மலை, நாயாறு, பிறகு கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, கொக்கிளாய். முழுக்க 40 கிலோமீற்றர் அளவு. போய்த் திரும்ப ஒரு நாளில் முடியும்தான், ஆனால் ஆடியில் போகும்போது காற்று முன்னால் நிற்கும். அதனால் நாயாறு மட்டும் போய்த் திரும்புங்கள், அரைவாசித் தூரம். விடிய ஐந்தரைக்கு வெளிக்கிட்டால், அளம்பிலில் வலை பிரித்து மீன் எடுக்கிற நேரத்துக்குப் போய்விடலாம். நாயாற்றில் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு, நடுவில் நீங்கள். தெளிந்த நாளில் களப்பின் அடி மணல் தெரியும். திரும்பி வரும்போது காற்று முதுகில் வந்துவிடும். வெயில் ஏற முதல் முல்லைத்தீவில் நிற்கலாம்.

வற்றாப்பளை அம்மனிடம் பின்னேரம் போங்கள், நந்திக்கடல் கரையிலேயே கோயில். வைகாசிப் பொங்கலில் கடல்நீரில் விளக்கெரியும் கோயில் இது. பொங்கலுக்கு வருகிறவர்களுக்கு வழி நெடுகத் தண்ணீர்ப்பந்தல் போட்டு மோரும் சர்பத்தும் கொடுப்பார்கள், சைக்கிளில் வருகிறவனுக்கு அதைவிடச் சொர்க்கம் இல்லை. ஆடியில் நீங்கள் இளநீர் வாங்கித்தான் குடிக்க வேண்டும். கரையோரக் கிணறுகளில் பல இடம் உவர், அதனால் கண்ட இடத்தில் போத்தலை நிரப்பாமல் “குடிக்கிற தண்ணி எது” என்று வீட்டில் கேட்டு நிரப்புங்கள். நேரம் சரியாக வாய்த்தால் றோட்டோரத்தில் பாலைப்பழம் விற்பார்கள். வாங்கித் தின்னுங்கள், வாய் பிசினாகிவிடும், அது பரவாயில்லை.

கடைசி நாள் முல்லைத்தீவிலிருந்து மாங்குளம், ஏறத்தாழ 50 கிலோமீற்றர். முழுச் சுற்றிலும் காற்றுக்கு எதிராக மிதிக்கிற நீளப் பாதை இது ஒன்றுதான். ஆனால் மரங்கள் மறைக்கும், மன்னார் வெளியின் காற்றில் கால்வாசிதான் உங்களிடம் வரும். விடியமுன் வெளிக்கிட்டு வெயிலை வெல்லலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒட்டுசுட்டானுக்கும் மாங்குளத்துக்கும் இடையில் காட்டுப் பகுதி, விடியவும் பொழுதுபடவும் யானை றோட்டுக் கடக்கும். வெளிச்சம் வந்த பிறகு முல்லைத்தீவில் ஏறி, முள்ளியவளையில் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு, ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டு, அங்கே தேத்தண்ணிக் கடையில் “இண்டைக்கு ஆனை நிண்டதோ” என்று கேளுங்கள். பஸ்கள் இரண்டு மூன்று போன பிறகு நீங்கள் போங்கள். றோட்டில் புதுச் சாணி, முறிந்த கொப்பு கண்டால் நின்று, அடுத்த வாகனத்தோடு சேர்ந்து கடவுங்கள்.

மாங்குளம் ஸ்டேசனில் திரும்பப் பார்சல் துண்டு, கார்ட் பெட்டி. சைக்கிள் எடுக்கிற ரயில் அங்கே நிற்குமா என்பதையும் முதலே கேட்டு வையுங்கள். இல்லையென்றால் வவுனியாவுக்கு இன்னும் 45 கிலோமீற்றர் ஏ9 இல் மிதிக்க வேண்டும், அதில் பார்க்க ஒன்றுமில்லை, லொறிதான்.

தை மாசியில் வருகிற யாராவது இதைப் படித்தால், மேலே சொன்ன எல்லாவற்றையும் தலைகீழாகப் பிடியுங்கள். வாடைக்கு முதுகு கொடுத்து, முல்லைத்தீவில் தொடங்கித் தலைமன்னாரில் முடியுங்கள். அப்போது தம்பி முதலில் போட்ட திட்டம் சரிவரும். ஐப்பசியிலிருந்து மார்கழி மட்டும் மழை, வராதீர்கள்.

சித்தி வீட்டுக் கோடிக்குள் பழைய லுமாலா ஒன்று நிற்கக் கூடும். இருந்தால் அதன் முன் பிறேக் கட்டையை மாற்றி, பின் சில்லின் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தளர்ந்த கம்பி மந்தமாகச் சத்தம் போடும். ஒட்டுப் பெட்டி ஒன்றும், ஒட்டுகிற பசை (சொலுஷன்) இரண்டு ரியூப்பும் வாங்குங்கள். ஒன்று கட்டாயம் காய்ந்திருக்கும்.